கோன், தட்டு, லேட்டரல்: வாசலில் ஒரு சாமான் குவியல்

கொங்குநாட்டில் ஒரு ஊரின் பிழைப்பு என்ன என்று தெரிய, அந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையை எட்டிப் பார்த்தால் போதும். திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நூல்மில் இருக்கும் ஊர்களில் நூல் சுற்றித் தீர்ந்த காகிதக் கோன். சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் வெட்டி விழுந்த ஓரத்துணி. கோவையில் மோட்டார் பம்ப்செட் அடைத்து வந்த மரப்பெட்டி. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டி மிஞ்சிய பலகைத் துண்டு. தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் எலி கடித்த சொட்டுநீர்க் குழாய். இதெல்லாம் எடைக்குப் போகும் வண்டியில் ஏறுகிற அதே வீட்டுக்குள், ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் சமையல் செட் ஒன்று வந்து இறங்குகிறது.

அந்தச் செட்டில் இருக்கும் அடுப்பு கடைசிவரை அடுப்புதான். கோன் அப்படியில்லை. ஒரே மத்தியானத்தில் அது மைக், கோயில் கோபுரம், கம்பிவேலிக் கல், மாட்டுக்கொம்பு, புனல், மறுபடி மைக். விளையாட்டுப் பொருள் எவ்வளவு முடிந்த நிலையில் கைக்கு வருகிறதோ, குழந்தை செய்வதற்கு அவ்வளவு குறைவாக மிச்சம் இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை எந்தப் பொம்மையையும் செய்து தரச் சொல்லவில்லை. எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எப்படிச் சுத்தம் செய்வது, எதை வாசலுக்குள்ளேயே விடக் கூடாது என்பதுதான் இங்கே பேச்சு. நடுவில் நொங்கு வண்டி போன்ற சில மட்டும் விதிவிலக்கு. அவற்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முதலில் கணக்கு. பெரியவர்கள் குவியல் சேர்க்கும்போது செய்கிற பெரிய தப்பு, வகைக்கு ஒன்று சேர்ப்பது. ஒரு பழைய ஸ்டீயரிங், ஒரு ஹெல்மெட், ஒரு டெலிபோன், ஒரு பக்கெட். ஸ்டீயரிங் யாருக்கு என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும், விளையாட்டு நடக்காது. வகை குறைவாகவும் எண்ணிக்கை நிறையவும் இருக்க வேண்டும். எட்டுப் பத்துக் குழந்தைகள் கூடும் வாசலுக்கு 60 முதல் 80 கோன், பனியன் துணி ஒரு சாக்கு, ஆறடிக் குச்சி ஒரு டஜன், சைக்கிள் டயர் நாலைந்து, சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாய் 30 மீட்டர், கையடக்கப் பலகைத் துண்டு 40, பழைய சேலையோ ஜமக்காளமோ நாலு, தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) இருபது. இவ்வளவு இருந்தால் போதும். மண்ணும் தண்ணீரும் தனி.

கோன் விஷயத்துக்கு வருவோம். நூல் சுற்றி வரும் காகிதக் கோன் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நூல் தீர்ந்தும் சில கோனில் அடியில் ஒரு சுற்று நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுக்க உரித்துவிட வேண்டும். சின்னக் குழந்தையின் விரலில் மெல்லிய நூல் இறுகச் சுற்றிக்கொண்டால் வீக்கத்துக்குள் நூல் மறைந்து போகும், வெட்டி எடுப்பது லேசில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இடம் மிச்சம்தான், ஆனால் அழுத்தி அடுக்கினால் கவ்விக்கொண்டு வராது. இழுத்துப் பிரிக்கப் போனால் வாய் கிழியும். தளர்வாக, பத்துப் பத்தாக அடுக்கி வைப்பது நல்லது. உடம்பெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் கோன் வந்தால் அது சாயப்பட்டறையில் நூலோடு சேர்ந்து வெந்து வந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, அலசுகிற தண்ணீரில் நிறம் இறங்குவது நின்ற பிறகுதான் உள்ளே விட வேண்டும். இறங்கிக்கொண்டே இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கோனை நேராக நிறுத்தி மேலே இன்னொன்றைக் கவிழ்த்தால் மூன்றாவது அடுக்கில் சாயும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்தால் ஆளுயரம் போகும். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல், கோனுக்குப் பக்கத்தில் பலகையைக் கொட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். நாலு முறை சரிந்தால் ஐந்தாவது முறை பலகையை யாராவது ஒருத்தர் எடுப்பார்.

கோனும் லேட்டரல் குழாயும் சேர்ந்தால் பேசும் போன் ஒன்று கிடைக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் குழாயின் இரண்டு முனையையும் ஒவ்வொரு கோனின் குறுகிய வாய்க்குள் சொருகி, இடைவெளியில் பனியன் துணியை இறுகச் சுற்றினால் முடிந்தது. இட்டேரியின் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண்பாதை) அந்தக் கோடியில் மெதுவாகப் பேசுவது இந்தக் கோடியில் காதுக்குள் கேட்கும். கேட்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. குழாய்க்குள் மண் அடைத்திருக்கும், அல்லது எங்கோ மடங்கி நசுங்கியிருக்கும். உரம் கலந்து விட்ட குழாயாக இருக்கும் என்பதால் எப்படியும் நல்ல தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் அலசத்தான் வேண்டும். ஒரே ஒரு சட்டம்: காதில் வைத்திருக்கும்போது அந்தப் பக்கம் கத்தக் கூடாது.

அதே குழாயை ஆறேகால் அடிக்கு வெட்டி, இரண்டு முனையையும் ஒரு ஜாயினரில் மாட்டினால் இரண்டடி வளையம். முனை ஜாயினரில் ஏறவில்லை என்றால் அரை நிமிஷம் சுடுதண்ணீரில் முக்கி அமுக்கினால் ஏறும். ஆறிய பிறகு கவ்விப் பிடித்துக்கொள்ளும். சுடுதண்ணீர் வேலை பெரியவர்களுடையது. 12 மில்லிமீட்டர் ஜாயினரை 16 மில்லிமீட்டர் குழாய்க்குப் போட்டால் நாலு சுற்றுக்குள் கழன்று, கம்பி மாதிரி விரிந்து முகத்தில் அடிக்கும். அளவு ஒன்றா என்று பார்த்து மாட்ட வேண்டும். சுருளிலிருந்து எடுத்த குழாய்க்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவின் போக்கிலேயே மடக்கினால்தான் வளையம் வட்டமாக நிற்கும். எதிர்ப் பக்கம் மடக்கினால் எட்டுப் போலத் திருகும்.

இப்போது நொங்கு வண்டி. சித்திரை, வைகாசியில் ரோட்டோரம் நொங்கு வெட்டுகிறவர் காலடியில் குவிந்து கிடப்பதில் ஒரே அளவான இரண்டைப் பொறுக்க வேண்டும். அளவு வேறுபட்டால் வண்டி எப்போதும் ஒரு பக்கமே திரும்பும். அச்சுக்கு விரல் தடிமனில், ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள வைரம் பாய்ந்த குச்சி. பச்சைக் குச்சி வளைந்துவிடும். இரண்டு முனையையும் சீவிக் கூராக்கி, சுளை எடுத்த முகம் வெளியே பார்க்கும்படி, காயின் அடிப்பக்க நடுவிலிருந்து குத்தி ஏற்ற வேண்டும். முனை ஒரு அங்குலமாவது வெளியே நீண்டிருந்தால்தான் காய் கழன்று ஓடாது. துளை நடுவில் இல்லாவிட்டால் வண்டி நொண்டும். முதலில் நடுவில் ஒரு ஆணியைக் குத்தி, ஆணியைப் படுக்கையாகப் பிடித்துக் காயைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும்.

தள்ளும் குச்சி ஒரு கவை. குழந்தையின் நெஞ்சுயரம், நுனியில் கவட்டை. கவட்டை அச்சின் நடுவில் உட்கார வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, காயும் அச்சும் ஒன்றாக இறுகிச் சுற்றுகின்றன, உராய்வு முழுக்கக் கவட்டையில்தான். அங்கே பட்டையை உரித்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் ஓட்டம் மாறிவிடும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் வளைவில் உள்பக்கக் காய் வழுக்கி இழுபடும். அச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு திரும்ப மறுக்கும். ஆகவே வேகமாக ஓடுவதற்கு நீள அச்சு, திருப்பம் நிறைந்த சந்துக்குக் குட்டை அச்சு. இரண்டு மூன்று நாளில் காய் வற்றிச் சுருங்கி அச்சில் ஆடத் தொடங்கும். துணி சுற்றி இறுக்கலாம். நொங்கு கிடைக்கும் காலத்தில் புதுக்காய் போடுவதே நேர்வழி.

சோளத்தட்டு, அதாவது சோளப் பயிரின் தண்டு, தை, மாசிக்கு மேல் கிடைக்கும். காய்ந்த தட்டின் மேல்தோலைப் பட்டையாக உரித்தால் சிம்பு, உள்ளே வெள்ளையாக நெட்டி. சிம்பை வளைத்து இரண்டு நெட்டித் துண்டில் குத்தினால் மூக்குக்கண்ணாடி. நெட்டித் துண்டுகளைச் சிம்பால் கோத்தால் மாட்டுவண்டி. கோந்து வேண்டாம், ஆணி வேண்டாம். ஆனால் புதிதாக உரித்த சிம்பின் விளிம்பு பிளேடு போல விரலை அறுக்கும். உரிக்கும் வேலையைப் பெரிய பிள்ளைகள் செய்து, கத்தி முதுகால் விளிம்பை ஒருமுறை நீவிக் கொடுத்தால் சின்னதுகள் வளைத்துக் குத்திக்கொள்ளும். ரொம்பக் காய்ந்த தட்டு நொறுங்கும். ஒரு கை தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்தால் வளையும்.

நெட்டியும் சிம்பும் சேர்கிற இதே சூத்திரத்தைத்தான் அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வ் டியூபிலும் தீக்குச்சியிலும் செய்து காட்டினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், குப்பையிலிருந்து பொம்மை செய்வதை நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். இரண்டு சென்டிமீட்டர் வால்வ் டியூபின் இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் சொருகினால் ஒரு கீல். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது, நாலு குச்சியில் சதுரம் செய்தால் தள்ளியதும் சாய்சதுரமாகச் சாயும். குறுக்கே ஒரு குச்சி போட்டால்தான் நிற்கும். குழந்தைகள் இதைக் கையளவில் பார்த்துவிட்டு வாசலில் ஆளுயரத்துக்குக் கட்டப் போனால் குடிசை ஏன் சரிகிறது என்பது அவர்களுக்கே விளங்கும். தீக்குச்சியின் மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

குடிசைக்குக் கயிறு பனியன் துணி. கட்டிங் வேஸ்டில் பெரிய துண்டாகப் பார்த்து, குறுக்குவாக்கில் ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டி, இரண்டு கையாலும் இழுத்து விட்டால் விளிம்பு தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகும். பின்னல் துணியின் குணம் அது. தறித்துணியில் நடக்காது, பிசிறுதான் வரும். மூன்று குச்சிகளைத் தரையில் அடி சமமாகப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, மேல்முனைக்கு ஒரு சாண் கீழே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று பாய் முடைவது போல ஐந்தாறு சுற்று. பிறகு குச்சிகளுக்கு நடுவே, அந்தச் சுற்றுகளின் மேலேயே இரண்டு சுற்று இறுக்கி முடிச்சு. இந்தக் கடைசி இரண்டு சுற்றை விட்டால் கட்டு வழுக்கிக் கீழே இறங்கும். பனியன் கயிறு நீளும் என்பதால், முழுக்க இழுத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். பிறகு தூக்கி நிறுத்தி, கால்களை ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி விரித்தால் உள்ளே இரண்டு பேர் உட்கார இடம் கிடைக்கும். மண்தரையில் அரையடிக் குழி தோண்டி ஒவ்வொரு காலையும் இறக்க வேண்டும். சிமெண்ட் வாசல் என்றால் கால்கள் வழுக்கி விரியும், அடியில் ஒரு சுற்று கயிறு கட்டிப் பிடிக்க வேண்டும்.

இந்தக் கயிற்றில் ஊஞ்சல் மட்டும் கட்டக் கூடாது. நீண்டுகொண்டே போய் ஒரு நொடியில் அறுந்துவிடும். கழுத்தளவு உயரத்தில் குறுக்கே கயிறு கட்டுவதும், ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் கழுத்தில் கயிறு போட்டு மாடு ஓட்டுவதும் கண்டால் தயங்காமல் அவிழ்க்க வேண்டிய இடம். மாட்டுக்கு இடுப்பில் கட்டட்டும்.

கொங்குக் குழந்தைகளின் விளையாட்டில் தனி ருசி என்றால் எனக்குத் தண்ணீர் விளையாட்டுதான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்), கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்களில் முறைத் தண்ணீர் என்பது சோற்றுப் பிரச்சினை. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் மண்ணில் வாய்க்கால் வெட்டி, மடை திருப்பி, பாத்தி கட்டி, முறை தவறினால் பஞ்சாயத்தும் வைக்கும். இதற்கு இரண்டரை அங்குலப் பி.வி.சி. குழாயை நெடுக்கே பிளந்து கொடுத்தால் நல்ல வாய்க்கால். இரண்டு பக்கமும் நேர்கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்பை அரத்தால் ராவ வேண்டும். மூன்று மீட்டர் நீளத்துக்குத் தலைமாட்டில் படுக்கவைத்த இரண்டு செங்கல் உயரம் சரியான வாட்டம். ஒரு செங்கல் வைத்தால் மணல் தேங்கி அடைக்கும், நாலு வைத்தால் தண்ணீர் கடைமடையில் பாத்தியையே அரித்துக்கொண்டு போகும். செம்மண்ணில் கரை நிற்காது, நனைந்ததும் கரையும். கரிசலில் நிற்கும், ஆனால் காலில் அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரும். இரண்டும் கலந்தால் இரண்டு தொல்லையும் பாதி.

குழாயைத் திறந்துவிடாதீர்கள். இருபது லிட்டர் கேன் இரண்டு, அவ்வளவுதான். தண்ணீர் தீரும் என்று தெரிந்தால்தான் யார் பாத்திக்கு முதலில் என்ற பேச்சே வரும். பேச்சுதான் அங்கே விளையாட்டு. வாசலில் தண்ணீர் தேங்கும் தொட்டி எதையும், ஒரு சாண் ஆழம் என்றாலும், ஆளில்லாமல் விடக் கூடாது. சாளைப் (தோட்டத்து வீடு) பக்கம் விளையாட்டு என்றால் முதல் வேலை, சுற்றுச்சுவர் இல்லாத கிணறும் மூடாத போர்வெல் குழியும் எங்கே இருக்கின்றன என்று நடந்து பார்ப்பது. அவை இருந்தால் விளையாட்டு இடத்தை மாற்ற வேண்டும். குழந்தைகளை எச்சரிப்பது போதாது.

ஆடி வந்தால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது, பனையோலைக் காத்தாடிக்குக் கேட்கவா வேண்டும். அரைச்சாண் ஓலைத்துண்டு இரண்டு, ஒன்றில் கீறல் போட்டு மற்றதைக் குறுக்கே நுழைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டின் நெட்டியில் பதிக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் ஓலையில் முள் போன துளை இறுக்கமாக இருக்கும், சற்றே பெரிதாக்குங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் இறக்கைகள் தட்டையாக இருக்கும். எல்லா இறக்கையையும் ஒரே திசையில் லேசாகத் திருகிவிட வேண்டும். ஒன்று மாறித் திருகினாலும் நின்றுவிடும். சீமைக்கருவேல முள் வேண்டாம். குத்தினால் நாள்கணக்கில் சீழ் வைக்கும்.

இனி உள்ளே வரவே கூடாதவை. பயிருக்கு அடித்த மருந்து டப்பா எதுவும், எத்தனை முறை கழுவியிருந்தாலும். சாயப்பட்டறை, பிளீச்சிங் கேன்களும் அப்படியே. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, டியூப்லைட், பழைய பேட்டரி, செதில் செதிலாகப் பெயிண்ட் உரியும் பழைய கதவுத் துண்டு. கோழிப்பண்ணையில் பயன்படுத்திய முட்டை அட்டையில் எச்சமும் கிருமியும் இருக்கும், கடையில் புது அட்டையாகக் கேட்டு வாங்கலாம். மரப்பெட்டியும் பேலட்டும் வந்தால் அதில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் வெறும் சூட்டில் பக்குவப்படுத்தியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, விறகுக்கும் வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம். ஆணியை அடித்து மடக்காமல் பிடுங்கி எடுத்து, விளிம்பை 80-ஆம் நம்பர் உப்புக்காகிதத்தால் தேய்க்க வேண்டும்.

லாரி டயரைக் குழந்தைகள் உருட்டக் கூடாது, சரிந்தால் தூக்க முடியாத கனம். ரேடியல் டயர் தேய்ந்த இடத்தில் ஸ்டீல் கம்பி முள்ளாக நிற்கும், உள்ளும் புறமும் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். எந்த டயராக இருந்தாலும் வெயிலில் கிடந்தால் தொடை வெந்துவிடும், மழையில் கிடந்தால் டெங்குக் கொசு முட்டையிடும். இரண்டுக்கும் சேர்த்து, நிழலில் போட்டு அடிப்பக்கம் அரையங்குலத் துளை நாலைந்து போட வேண்டும்.

வேலியோரத்தில் கிடைக்கும் பொருள்களில் மஞ்சள் அரளிக் காய்தான் பெரிய பயம். பொம்மைச் சமையலுக்கு அழகான காய், உள்ளே இருக்கும் விதை இதயத்தை நிறுத்தும் விஷம். காட்டாமணக்குப் பாலில் புல்வளையத்தைத் தொட்டு ஊதிக் குமிழி விடுவது நம் ஊர்ப் பழைய விளையாட்டு. ஆனால் அதன் விதை கடலைபோல ருசிக்கும், தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். வேலியை வெட்டித் தள்ளச் சொல்லவில்லை. செடியைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால், ஒன்றேகால் அங்குல வட்டத்துக்குள் அடங்கும் எதுவும் குவியலில் இருக்கக் கூடாது.

இவ்வளவு பார்த்துவிட்டு, பெரியவர் செய்ய வேண்டிய அடுத்த வேலை ஒதுங்கி உட்காருவது. டென்மார்க்கில் சி. தி. சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் போட்டுக் கொடுத்த அழகான விளையாட்டு மைதானங்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டட வேலை நடக்கும் இடத்துச் சாமான்களில் விளையாடுவதைக் கவனித்தார். 1943-ல், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் முதல் சாமான் மைதானம் திறந்தது. அங்கே ஒரு பெரியவர் இருந்தார், ஆனால் என்ன கட்டுவது என்று சொல்வது அவர் வேலை இல்லை. நம் ஊரில் இதுதான் கஷ்டம். அப்புச்சி (தாத்தா) ஈசிசேரிலிருந்து "ஏங் கண்ணு, அதையப் போயி அங்க வெக்கற?" என்று கேட்டே தீருவார். "என்ன செய்யற?" என்ற கேள்விகூட விளையாட்டை நிறுத்திவிடும், ஏனென்றால் அது என்ன என்று குழந்தைக்கே இன்னும் முடிவாகியிருக்காது. கேட்டே ஆக வேண்டுமென்றால் "இன்னுங் கோன் வேணுமா?" என்று கேட்கலாம்.

விளையாடி முடித்ததைச் சாயங்காலமே அள்ளிக் குவிக்கச் சொல்லும் வழக்கமும் எனக்கு ஒப்பில்லை. பாதி கட்டிய குடிசை இரவு நிற்கட்டும், மறுநாள் அங்கிருந்துதான் கதை தொடரும். பிரிப்பதற்கு வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது பெரியவர் கூட இருக்க வேண்டும், அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். சாமானைத் தரையில் குவிக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு அரையடி உயர்த்தி வைக்க வேண்டும். கீழே வெளிச்சம் தெரிந்தால் தேளும் சுருட்டை விரியனும் தங்காது. ஆனாலும் காலையில் முதலில் ஒரு நீளக் குச்சியால் தட்டிக் கிளறிவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்.

காகிதக் கோன் ஐப்பசி மழையைத் தாங்காது, தார்ப்பாய்க்குள் வைத்தாலும் ஈரம் ஏறி வாய் மலர்ந்துவிடும். மழைக்கு முன்பே பழையதை எடைக்குப் போட்டு, தை பிறந்ததும் புதிது வாங்கிக்கொள்ளலாம். பனியன் கயிறு மூன்று மாசத்தில் அழுக்கேறி நைந்துபோகும். லேட்டரல் குழாய் வெயிலுக்கென்றே செய்தது, பல வருஷம் வரும். பலகைத் துண்டில் கறையான் மண் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் அடுப்புக்கு எடுங்கள், மற்றதை ஒரு நாள் வெயிலில் பரப்பி, அடியில் இருக்கும் செங்கலை இடம் மாற்றி அடுக்கிவிடுங்கள்.